பூட்டிய வீட்டுக்கு மல்யுத்தம்

அனுப்புநர்:
கோ. ஆவுடைத்தாய் (வயது 47),
க/பெ. கோமதிநாயகம்,
பிளைவுட் கடை மேல்மாடி,
பைபாஸ் சர்வீஸ் ரோடு,
கழக்கூட்டம், திருவனந்தபுரம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்,
திருவனந்தபுரம்.

பொருள்: எட்டுப் பேர் குடியிருக்கும் வீட்டை வீடே அல்ல என்று கூறி ‘கோதா ப்ளஸ்’ செயலி நிறுவனம் மல்யுத்த நேரலையை நிறுத்தியது – 17.11.2025 திங்கட்கிழமைக்கு முன் மீட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி நிறுவனத்துக்கு நான் செய்த ஏழு தொலைபேசிப் புகார்களும், அவற்றுக்கு வந்த ஒரே மாதிரியான ஏழு பதில்களும்.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

இந்த மாநிலத்தில் தமிழர்கள் தமிழிலேயே மனு எழுதலாம் என்று, பழவங்காடியில் டைப் செய்து தரும் அஜிதா சொன்னார். ஆகவே தமிழில் எழுதுகிறேன். மலையாளத்தில் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம். மலையாளத்தில் எனக்குச் சண்டை போட வரும், எழுத வராது.

1. நானும் என் கணவரும் கழக்கூட்டத்துக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. இந்த மாடியில் மட்டும் பதினொரு வருஷம். கணவருக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை. எங்களோடு ஆறு பேர் தங்கியிருக்கிறார்கள். எல்லாரும் தென்காசி, திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கங்களிலிருந்து கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்தவர்கள். எட்டுப் பேருக்கும் சமைப்பது நான். ஓர் அடுப்பு, ஓர் அண்டா, ஒரு டிவி. இந்த மூன்றையும் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வழக்கே இவற்றில்தான் இருக்கிறது.

2. எங்கள் வீட்டில் மல்யுத்தம் பார்ப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. முன்பு கேபிள்காரர் வேலாயுதன் சேட்டன் மாதம் ஒரு பெரிய பந்தயத்துக்குத் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு திறந்துவிடுவார். ஒரு தடவை கட்டினால் அந்த ஒரு பந்தயம். எத்தனை பேர் பார்க்கிறீர்கள், யாருக்கு யார் என்ன உறவு என்று அவர் கேட்டதே இல்லை. சில மாதங்களில் அவரே பாயில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். பந்தயம் அமெரிக்காவில் ஞாயிறு இரவு நடக்கும். நமக்கு அது திங்கள் விடியற்காலை ஐந்தரை மணி. அந்தத் திங்கட்கிழமைகளில் எங்கள் ஆட்கள் ஒன்பதரைக்கு வேலைக்கு இறங்கி, சாயங்காலம் சேர்த்துச் செய்துகொடுப்பார்கள். கான்ட்ராக்டருக்கும் இது தெரியும், சம்மதம்.

3. எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. யாருடைய ஆள் தோற்கிறானோ அவர் கட்சி அன்றைக்கு அண்டாவைக் கழுவ வேண்டும். எட்டுப் பேருக்குச் சோறு வடித்த அண்டா எப்படி இருக்கும் என்று தங்கள் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். என் ஆள் டைட்டன் ரூக். பிடிக்கப் போகுமுன் உள்ளங்கை இரண்டையும் சிமென்ட் தூசி தட்டுவது போல் தட்டுவதால், அவனுக்கு எங்கள் வீட்டில் ‘கொத்தனார்’ என்று பெயர். என் கட்சியில் சுடலைக்கண்ணு இருக்கிறார், சென்டிரிங் பலகை அடிப்பவர். எதிர்க்கட்சித் தலைவர் நேசையன், மார்த்தாண்டத்துக்காரர், பெயின்டர். அவருடைய ஆளுக்கு மீசையும் தொப்பியும் இருப்பதால் ‘இன்ஸ்பெக்டர்’ என்று பெயர். என் கணவர் எந்தக் கட்சியிலும் இல்லை. அதனால் அவர் அண்டா கழுவியதே கிடையாது.

4. இந்த வருஷம் ஜனவரி முதல் மல்யுத்தம் டிவி சேனலில் வராது, தனிக் கட்டணப் பந்தயமும் கிடையாது, எல்லாம் கோதா ப்ளஸ் செயலியில்தான் என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று என் கணவர் பெயரில் வருஷச் சந்தா கட்டினோம். கட்டிய முதல் நாள் டிவியில் மலையாளத்தில் ஒரு கேள்வி வந்தது: இந்த டிவி இருப்பது உங்கள் வீட்டிலா? எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நம் வீடு ஊரில் அல்லவா இருக்கிறது. இது வாடகைக்கு இருக்கிற இடம். பொய் சொல்லி நாளைக்கு ஏதாவது வம்பாகிவிடக் கூடாது என்று என் கணவர் ‘இல்லை’ என்பதை அமுக்கினார். பொங்கலுக்கு எங்கள் ஊரான சுரண்டைக்குப் போனபோது அங்கிருக்கும் டிவியிலும் அதே கேள்வி வந்தது. அவர் எழுந்து நின்று ‘ஆம்’ என்று அமுக்கினார்.

5. நாங்கள் செய்த தவறு இவ்வளவுதான். வயிற்றுப் பிழைப்புக்கு வெளியூர் வந்த எவரும் இதைத்தான் அமுக்கியிருப்பார்கள். கேள்வி கேட்டவர்களுக்கு அது தெரியாது.

6. அதன் பிறகு நாங்கள் பயணத்தில் இருப்பதாக அந்தச் செயலி கணக்கு வைத்துக்கொண்டது. மாதம் ஒரு தடவை ரகசிய எண் கேட்டது, கொடுத்தோம், திறந்தது. செப்டம்பர் மாதம் திறக்கவில்லை. ‘நீங்கள் அதிக நாட்களாகப் பயணத்தில் இருக்கிறீர்கள்’ என்று எழுதிக் காட்டியது. படித்துச் சொன்ன சுடலைக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. பத்தொன்பது வருஷத்தை ஒரே வரியில் எழுதிக் காட்டினால் யாருக்குச் சிரிப்பு வரும்?

7. சுரண்டை வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி பக்கத்து வீட்டு முத்தாரம்மாளிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை திறந்து, பெருக்கி, விளக்கேற்றிவிட்டுப் பூட்டுவார். டிவியை அவர் தொடுவதில்லை, ஷாக் அடிக்குமாம். அப்படிப்பட்ட வீட்டில் மல்யுத்தம் பார்க்க முழு உரிமை உண்டாம். எட்டுப் பேர் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் உரிமை இல்லையாம். இது எந்த ஊர் நியாயம் என்று ஆணையம் கேட்டுச் சொல்ல வேண்டும்.

8. புகாருக்குப் பேசிய ஷிஜா என்ற பெண் மரியாதையாகத்தான் பேசினார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. “சேச்சி, சிஸ்டத்தில நிங்ஙள் ஒரு குடும்பம் இல்லன்னுதான் காணிக்குது. ஒவ்வொரு ஆளும் வேற வேற சந்தா எடுக்கணும்” என்றார். வீட்டை மாற்றிக் கொடு என்றேன். பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் மாற்ற முடியும், அதற்கும் கணக்கு வைத்திருப்பவர் பெயரில் கரண்டு பில் வேண்டும் என்றார். பில் வீட்டு உடமஸ்தர் பெயரில் வருகிறது. அவர் துபாயில் இருக்கிறார். என் கணவரின் ஆதாரில் சுரண்டை இருக்கிறது. “அப்போ சுரண்டைதானே சேச்சி வீடு” என்று அந்தப் பெண் முடித்துவிட்டார். (இந்த இடத்தில் நான் எழுதியிருந்த இரண்டு வரிகளை அஜிதா எடுத்துவிட்டார். மனுவில் அப்படி எழுதக் கூடாதாம்.)

9. நாங்கள் குடும்பமா இல்லையா என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் சுடலைக்கண்ணு எட்டடி உயரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. மெடிக்கல் காலேஜில் ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். உறவு என்ற இடத்தில் ‘அக்கா’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் நாடார், நாங்கள் தேவேந்திரர். டாக்டர் எதையும் கேட்கவில்லை. கால் கூடியது. பதினாலு நாள் ஆஸ்பத்திரியில் படுக்கைக்குக் கீழே படுத்துப் பார்த்துக்கொண்டவர் நேசையன். உயிர் போகிற காரியத்துக்குச் செல்லுபடியான உறவு, மல்யுத்தம் பார்ப்பதற்குச் செல்லாது என்றால் எப்படி?

10. இப்போது எனக்கு நேர்ந்த நஷ்டத்தைச் சொல்கிறேன். 13.10.2025 அன்று பெரிய பந்தயம். வேறு வழியில்லாமல் ஆளுக்கொரு போனில் ஒரு மாதச் சந்தா எடுத்தோம். எட்டுப் பேரும் எட்டு மூலையில், காதில் இயர்போனோடு உட்கார்ந்தோம். போனுக்குப் போன் படம் முந்தியும் பிந்தியும் வந்தது. ஒரே அடி எங்கள் வீட்டில் எட்டுத் தடவை விழுந்தது. நேசையன் போன் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடியது. கொத்தனார் தோற்றதும் அவர் குதித்து எழுந்து, “தீந்தல்லோ, ஒங்க கொத்தன் தீந்தான்” என்று கத்திவிட்டார். சுடலைக்கண்ணு போனில் அந்த நேரம் கொத்தனார் கையைத் தூக்கி நின்றுகொண்டிருந்தான். பாவம், அந்த மனுஷன் கையில் இருந்த டம்ளரை எறிந்தார். நேசையன் நெற்றியில் பட்டது. அண்டா கழுவச் சொன்னபோது சுடலைக்கண்ணு, “எம் போன்ல அவன் இன்னும் தோக்கல” என்று சொல்லிவிட்டு, அந்த இடத்திலேயே போனை அணைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

11. சாயங்காலம் வரை அண்டா அப்படியே கிடந்தது. கடைசியில் நானே கழுவினேன். அன்று முதல் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. நேசையன் தட்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். நவம்பர் 30ஆம் தேதியோடு போத்தன்கோட்டில் தனி ரூமுக்குப் போகப் போவதாகச் சொல்லிவிட்டார். நீங்கள் ஒரு குடும்பம் இல்லை என்று அந்த நிறுவனம் சொன்னபோது அது பொய்யாக இருந்தது. இந்தப் போக்கில் போனால் அதை உண்மையாக்கிவிடுவார்கள். என் பயம் அதுதான். சந்தாப் பணம் எனக்குப் பெரிசில்லை.

12. வருகிற 17ஆம் தேதி கொத்தனாரின் கடைசிப் பந்தயம். இன்ஸ்பெக்டரோடு மோதிவிட்டு ஓய்வு பெறுகிறான். நான் கழக்கூட்டத்துக்கு வந்த வருஷம்தான் அவனும் களத்தில் இறங்கினான். இந்தப் பந்தயத்தை ஒரே டிவியில், ஒரே நேரத்தில், ஒரே பாயில் இருந்து பார்த்தால் அவர்கள் இருவரும் பேசிவிடுவார்கள். திட்டியாவது பேசுவார்கள். எனக்கு அது போதும். அவர்களைச் சேர்த்து வைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வரப்போவதில்லை.

13. மல்யுத்தம் எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்துச் செய்வது, இதற்கு ஒரு மனுவா என்று ஆணையத்தில் யாரேனும் நினைக்கக்கூடும். பேசி வைத்ததுதான், எங்களுக்கும் தெரியும். யார் ஜெயிப்பது என்பதைத்தான் பேசி வைக்கிறார்கள்; எட்டடி உயரத்திலிருந்து நிஜமாகத்தான் விழுகிறார்கள். விழுந்து பார்த்த சுடலைக்கண்ணு சொல்கிறார். பொம்பளைக்கு எதற்கு மல்யுத்தம் என்று கேட்பவர்கள், எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் சாப்பிட வந்து அண்டாவைத் தூக்கிப் பார்க்கலாம்.

14. ஆகவே நான் கேட்பது: 17.11.2025 காலை ஐந்தரை மணிக்கு முன்பாக மேற்படி முகவரியில் உள்ள டிவியில் நேரலையைத் திறந்துவிடும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு வீடு இரண்டு இடத்தில் இருக்கும் என்பதை அவர்கள் கேள்வியில் சேர்க்கச் சொல்ல வேண்டும். மன்னிப்பு எல்லாம் வேண்டாம்.

15. ஜனவரியில் அமுக்கிய ‘இல்லை’யை நான் இந்த மனுவின் மூலம் திரும்பப் பெறுகிறேன். பிளைவுட் கடை மேல்மாடி என் வீடு. என் கணவருக்கு இந்தப் பத்தியில் உடன்பாடு இல்லை; சுரண்டையில் இருப்பவர்கள் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்கிறார். நினைக்கட்டும். பதினொரு வருஷமாக இந்த வீட்டில் அடுப்பு மூட்டுவது நான், அவர் இல்லை.

16. உத்தரவு வராவிட்டாலும் நாங்கள் போனைத் தொட மாட்டோம். எட்டுப் பேரும் டிவிக்கு முன்னால் பாயை விரித்து, ஐந்தரை மணியிலிருந்து கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காருவோம். பந்தயம் முடிகிற நேரம் வரை எழ மாட்டோம். யார் தோற்றார் என்று எங்களுக்குத் தெரியாது என்பதால், அன்றைக்கு அண்டாவை எட்டுப் பேரும் சேர்ந்து கழுவுவோம்.

இடம்: கழக்கூட்டம்
நாள்: 04.11.2025

ஓர் அண்டாவில் சாப்பிடும் வீட்டாருக்காக,
(ஒப்பம்) கோ. ஆவுடைத்தாய்

உடன் கையெழுத்திட்டோர்:
1. கோமதிநாயகம் (பத்தி 15 நீங்கலாக)
2. சுடலைக்கண்ணு
3. விஜய்குமார்
4. இசக்கியப்பன்
5. ஜெபஸ்டின்
6. மாடசாமி
7. நேசையன்

குறிப்பு: ஏழாம் கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘30ஆம் தேதி வரை மட்டும்’ என்று எழுதி அடிக்கப்பட்டிருக்கிறது. எழுதியதும் அவர், அடித்ததும் அவர். திருத்தம் இருக்கிறது என்று மனுவைத் தள்ளிவிட வேண்டாம். அந்த அடித்தலுக்கு நான் சாட்சி.