அட்டையில் மாமா பெயர்

சனிக்கிழமை

இன்று அருங்காட்சியகத்தைத் திறந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு மாதமாக அங்கே கூட்டித் துடைப்பது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஓடிய பழைய சைக்கிள்களை, எனக்கு வேலை கொடுத்த சார் பல வருடமாகச் சேர்த்துத் தன் வீட்டு முன்னறையில் நிறுத்தியிருக்கிறார். எதையும் யார் கொடுத்தார்களோ, அவர்கள் பெயரைத்தான் அட்டையில் எழுதுவார்.

மூன்றாவது சைக்கிள் என் அப்பாவுடையது. அப்பா இறந்ததும் அம்மாவின் அண்ணன் செல்லத்துரை மாமா எடுத்துப் போனார். இப்போது அவர்தான் கொடுத்திருக்கிறார். அட்டையில் அவர் பெயர்.

வந்திருந்த டீச்சர் ஒருவர், பார் கம்பியில் இருந்த குழந்தை சீட்டைத் தொட்டு, "இது யாருக்குங்க மாட்டுனது?" என்று கேட்டார்.

"எம் மகனுக்குத்தான். அவன முன்னால வச்சு, பின்னால முந்திரி மூட்டையோட மிதிப்பேன்ல!" என்றார் மாமா. எல்லோரும் கைதட்டினார்கள்.

அதில் உட்கார்ந்தது நான். மேட்டில் மிதிக்கும்போது அப்பாவின் தாடை என் உச்சந்தலையில் இடிக்கும்.

"என்ன புள்ள, ஏதோ சொல்ல வந்தியே?" என்றார் சார்.

"ஒண்ணுமில்லங்க சார்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "அப்பா பேரு போட்டிருக்காகளா?" என்று கேட்டாள்.

"போட்டிருக்காங்கம்மா."

அம்மா சிரித்தாள். "நாளைக்கு எனக்கு வேல இல்ல. நானும் வாரேன், பாக்கணும்."

அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள்.