பாதி இலையில் எழுந்த ஜெனரல்

முதலியார்பேட்டை,
3.7.2024

அன்புத் தம்பி இளம்பரிதிக்கு,

அக்கா தனக்கொடி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். விடியும் முன்னே கடற்கரையில் எட்டு கிலோமீட்டர் நடக்கிறவனிடம் சுகமா என்று கேட்பதே வீண். காலாப்பட்டு ஒரு பஸ் தூரம்தான், ஆனால் நேரில் வந்தால் வாட்சைப் பார்க்கிறாய். போன் செய்தால் "விஷயம்?" என்று கேட்டு, சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடுதாசி.

சிந்துஜா கல்யாண விஷயம். நிச்சயதார்த்தத்தில் நடந்ததைச் சம்பந்தி வீட்டார் இன்னும் மறக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா நிர்மலாதேவி ஆசையாக, "பொண்ணு நல்லா சமைப்பாளா?" என்று உன்னைக் கேட்டாள். தாய்மாமன் என்ன சொல்ல வேண்டும்? நீ "சுமாரா" என்றாய்.

அதுகூடப் போகட்டும். முதல் பந்தியில் அவர்களுக்கு நடுவே உன்னை உட்கார வைத்தோம். ஆறே நிமிஷத்தில் விறைப்பாக எழுந்து நின்றாய். ஆறு நாள் பனிமலையில் எதிரியைத் தடுத்து நிறுத்திய ஜெனரல் எழுந்தால் யார் உட்கார்ந்திருப்பார்கள்? தேசிய கீதம் போடப்போகிறார்கள் என்று நினைத்து மொத்தப் பந்தியும் எழுந்துவிட்டது. பாயசம் வாளியிலேயே நின்றது.

நேற்று சம்பந்தி ராமலிங்கம் வந்தார். "பத்திரிகையில அவரு பேரு பெருசா இருக்கட்டும்மா. பேனர்ல மெடலோட போட்டோவும் இருக்கட்டும். ஆனா அவரு வர வேணாம். பாதி இலையில எழுப்பி விட்டுட்டாருன்னு எங்க சனம் இன்னும் பேசிக்கிட்டிருக்கு" என்றார்.

உன் மாமா சரியென்று தலையாட்டிவிட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. பெண்ணைப் பெற்றவள் நான், என்ன பேச முடியும்? கோபித்துக்கொள்ளாதே. உன் முடிவைச் சொல்.

உன் அக்கா,
தனக்கொடி

காலாப்பட்டு,
7.7.2024

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் 3.7.2024 தேதியிட்ட கடிதம் கிடைத்தது.

1. நான் வரமாட்டேன்.

2. என் போட்டோவும் வராது. நான் போக முடியாத வாசலில் என் படம் நிற்பதற்கு அனுமதி இல்லை.

3. தாய்மாமன் சீர், மாலை உட்பட, குறித்த நாளில் காலை ஐந்து மணிக்குத் தங்கள் வீட்டில் சேர்க்கப்படும்.

4. சமையல் பற்றிச் சொன்னது உண்மை. சிந்துஜா வைத்த சாம்பாரை நான் இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறேன்.

இளம்பரிதி
லெப்டினன்ட் ஜெனரல் (ஓய்வு)

முதலியார்பேட்டை,
11.7.2024

அடேய் தம்பி,

யாரடா மதிப்பிற்குரிய அக்கா? உன் டவுசருக்கு ஊக்கு குத்திப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். என்னிடமே ஓய்வு பெற்ற ஜெனரல் என்று கையெழுத்துப் போடுகிறாய். டிவிக்காரப் பெண் மூன்று கேள்வி கேட்டதற்கு மூன்று "ஆமாம்" சொல்லிவிட்டு எழுந்து போனவன்தானே நீ, உன்னிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

உன் கடுதாசியை சிந்துஜா படித்தாள். சாம்பார் வரியில் சிரித்தாள். மாலையைக் கொடுத்தனுப்புகிறாய் என்று படித்ததும் அழுதுவிட்டாள். "மாமா ஏன் எழுந்தாருன்னு உங்கள்ல யாராவது கேட்டீங்களாம்மா?" என்றாள்.

ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். ஏன் எழுந்தாய்? நம்பர் போடாமல் பதில் எழுது.

தனக்கொடி

காலாப்பட்டு,
16.7.2024

அக்கா,

நம்பர் போடாமல் எழுத இரண்டு நாள் பிடித்தது.

அன்று எல்லா நாற்காலிக்குப் பின்னாலும் அடுத்த பந்திக்கு ஆள் நின்றது. என் நாற்காலிக்குப் பின்னால் மட்டும் யாரும் நிற்கவில்லை. பயம். எனக்கு எதிரே நீ தண்ணீர் ஜக்கோடு நின்றாய். மணி ஒன்று நாற்பது. விடியற்காலையில் குடித்த காபிக்குப் பிறகு நீ எதுவும் சாப்பிடவில்லை. இடது கால் வீங்கியிருந்தது. வலது காலிலேயே நின்றாய்.

முப்பத்தெட்டு வருஷம் என் ஆட்கள் சாப்பிட்ட பிறகுதான் நான் தட்டைத் தொட்டிருக்கிறேன். பனிமலையிலும் அப்படித்தான். நீ நிற்கும்போது எனக்குச் சோறு இறங்கவில்லை. "அக்கா, உட்காரு" என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுந்தால் அந்த இடம் உனக்குத்தான் என்று கணக்குப் போட்டேன். பந்தியே எழும் என்று எதிர்பார்க்கவில்லை. நீ ஒவ்வொருவரிடமும் கைகூப்பிக்கொண்டு ஓடினாய்.

அதற்காக வருந்துகிறேன். எழுந்ததற்காக வருந்தவில்லை.

தம்பி

முதலியார்பேட்டை,
22.7.2024

என் தம்பிக்கு,

உன் கடுதாசியைப் படித்த கையோடு சம்பந்தி வீட்டுக்குப் போனேன். உன் மாமா கூட வந்தார், வாசலிலேயே நின்றுவிட்டார். நான் உட்காரவில்லை.

"தாய்மாமன் கையால மாலை போட்டுக்காம என் பொண்ணு மணவறைக்கு வர மாட்டா. பேனருக்கு மட்டும் அவன் வேணும்னா வேற ஆளப் பாருங்க. இஷ்டமில்லன்னா சொல்லுங்க, நிச்சயத் தட்ட இப்பவே திருப்பிக் குடுத்துடறேன்" என்றேன்.

நிர்மலாதேவி, "பொண்ணப் பெத்தவ இவ்ளோ பேசலாமா?" என்றாள். "இத்தன நாளு பேசாம இருந்ததுதான் தப்பு" என்றேன். மாப்பிள்ளை வினோத்குமார்தான் எழுந்து வந்தான். "அம்மா, சமையலு சுமாருன்னு சிந்துஜாவே எங்கிட்ட சொல்லிட்டா. அவரு வரட்டும்" என்றான். ராமலிங்கம் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார். முறைக்கட்டும்.

பேனர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீயே வரும்போது படம் எதற்கு?

ஆவணிக் கல்யாணத்துக்கு வா. நீ சிரிக்க வேண்டாம், யாரோடும் பேச வேண்டாம். கேட்டால் "சுமாரா" என்றே சொல். முதல் பந்தியில் நடு நாற்காலி உனக்கு, பக்கத்து நாற்காலி எனக்கு. பெண்ணைப் பெற்றவள் முதல் பந்தியில் உட்காருவது இங்கே வழக்கமில்லை. உட்காரப் போகிறேன். உன் ஆட்கள் சாப்பிட்ட பிறகுதான் நீ சாப்பிடுவாய் என்றால், என் இலையில் முதலில் பரிமாறச் சொல்கிறேன்.

எனக்கு இப்போது பல் சரியில்லை, மெதுவாகத்தான் சாப்பிடுவேன். நான் பாயசம் குடித்து முடிக்கும்வரை நீ எழக்கூடாது. இது உத்தரவு.

உன் அக்கா,
தனக்கொடி