இருபத்தொன்றரைப் பாகை

ஹொல்ம்லியா,
07.01.2024, ஞாயிறு

அன்பின் துணைவிக்கு,

"வீடு இருபத்தொரு பாகைச் சூட்டுக்கு வந்தாச் சொல்லுங்கோ, வாறன்" என்று சொல்லி 02.12.2023 அன்று திராமன் நகருக்கு, மகள் வீட்டுக்குப் போனீர். நேற்றுக் காலை 6.40க்கு வெளியே கழித்தல் இருபத்திரண்டு பாகை. வீட்டினுள்ளே நீர் அமரும் கதிரையருகே இருபத்தொன்றரை. கம்பளித் தொப்பியின்றி இதை எழுதுகிறேன்.

மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதாக எண்ணி ஒவ்வோர் இரவும், வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளிழுத்து வீட்டைச் சூடாக்கும் வெப்பப் பம்பியை நிறுத்தியது என் தவறு. ஆறிய வீட்டை மீண்டும் சூடாக்கவே அதன் வலுவெல்லாம் செலவானது. "இரவிலை நிப்பாட்டாதேங்கோ" என்ற உமது சொற்படி 18.12.2023 முதல் ஓயாது இயக்குகிறேன். கடுங்குளிரிலும் ஓரலகு மின்சாரத்துக்கு ஏறக்குறைய இரண்டலகு வெப்பம் தருகிறது. உறுதிப்படுத்தவே இருபது நாள் காத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை 10.20க்குத் திராமன் ரயில் நிலையத்தில் நிற்பேன். பம்பி பற்றிய நம் வாக்குவாதத்தில் வென்றவர் நீர் என்பதை மகளுக்கு நானே அறிவிப்பேன். தயவுசெய்து நீர் முந்திச் சொல்லிவிட வேண்டாம்.

உம்முடைய இவர்