ஓடைக்கு ஒரு குழாய்

1995, ஐப்பசி, செவ்வாய் இரவு.

இன்று மதியம் கொட்டிய மழையில் ஓடை நிறைந்து, காற்றாலைக்குப் போகும் மண் ரோட்டுக்கு அடியில் நுழைந்து, ஊர்க்குட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. கையில் குடை இருந்தும் விரிக்காமல் நின்று பார்த்தேன்.

எங்கள் மானாவாரிக் காட்டு வழியாக அந்த ரோட்டைப் போட்டபோது ஓடையை மண் கொட்டி மூடப் பார்த்தார்கள். அடியில் சிமெண்டுக் குழாய் பதித்தால்தான் ஆயிற்று என்று லாரிக்கு முன்னால் போய் நின்றேன். “ஏனுங்கக்கா, மழையே பெய்யாத காட்டுல குழாய் எதுக்குங்க?” என்று கான்ட்ராக்டர் சிரித்தார். என் வீட்டுக்காரர் அதற்கும் மேல். “பொகையில்லாம கரண்டு எடுக்கறாங்க, நல்ல காரியம். நீ எதுக்கு அம்மணி குறுக்க நிக்கறே?” என்றார். நல்ல காரியம் என்றால் குட்டை காயலாமா? குழாய் இறங்கிய பிறகுதான் நகர்ந்தேன்.

சாயங்காலம் குட்டைக்கரையில் ஊரே கூடியிருந்தது. நடுவில் இவர். “நாமதானுங்க அன்னைக்கே ஒத்தக் கால்ல நின்னு குழாய் போட வெச்சோம்” என்கிறார். நாமாம்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திரும்பும்போது காற்றாலைக்கு அடியில் ஒரு கொக்கு இறக்கை முறிந்து செத்துக் கிடந்தது. போன மாதமும் ஒன்று. படுத்தால் அதுவே கண்ணில் நிற்கிறது. கம்பெனி இன்ஜினியர் நாளைக்கு வருகிறார். இதற்கு என்ன வழி என்று கேட்கத்தான் போகிறேன். இந்தத் தடவை இவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். நாமதானே!