இரண்டு கைத் தாழ்ப்பாள்

அன்பு இன்ஸ்பெக்டருக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் எல்லா வகையிலும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. பார்சலைப் பிரித்ததும் ஒரு பழைய காலுறைக்குள் கனமாக ஒரு இரும்புச் சாமான் கையில் தட்டுப்படும். அது உன் வீட்டுப் பால்கனிக் கதவில் நான் மாட்டிக் கொடுத்த தாழ்ப்பாளைக் கழற்றுகிற சாவி. அந்த மாதிரிச் சாவி என்னிடம் ஒன்றுதான் இருந்தது, உனக்காக இப்போது இன்னொன்று செய்தேன். கடிதத்தை இங்கேயே வைத்துவிட்டு எழுந்து போய்க் கழற்றிவிட்டு வந்து மீதியைப் படித்தாலும் எனக்குச் சம்மதம், எப்படிக் கழற்றுவது என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. காலுறை துவைத்ததுதான், உன் அம்மா மூன்று தரம் மோந்து பார்த்த பிறகே பார்சலுக்குள் விட்டாள்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தாகிவிட்டது, இப்போது பார்வை ஊசி முனை மாதிரி இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் முதலில் என் சான்றிதழ் சட்டங்களின் மேலிருந்த தூசியைக் கண்டுபிடித்தாள், அடுத்து என் முகத்தைப் பார்த்து, ‘இத்தனை நாள் மங்கலாத் தெரிஞ்சதே நல்லா இருந்துச்சு’ என்றாள். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, படி ஏறும்போது என்னைத் திட்டிக்கொண்டே ஏறினால் வலி தெரியவில்லையாம். பேத்திக்குப் பல் முளைக்கிறது என்று சொன்னாய், எதைக் கண்டாலும் வாயில் வைப்பாள், கீழே கிடக்கிற சின்னத் திருகு, பொத்தான் எல்லாவற்றையும் பொறுக்கி வை. போன தடவை ஃபோனில் நான் தாழ்ப்பாள் இடுக்கில் துணியை மடித்துச் செருகி வை, கதவு பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள் என்று திரும்பத் திரும்பச் சொன்னது உனக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். அம்மாவும் பக்கத்திலிருந்து, ‘உங்கப்பாவுக்கு வயசாயிடுச்சுடி, அவர் மாட்டினதை அவரே நம்ப மாட்டேங்கறார்’ என்று சமாளித்தாள். மாப்பிள்ளையிடம் கழற்றிவிடச் சொன்னதற்கு, ‘ஸ்க்ரூவே காணோமே மாமா, ஞாயித்துக்கிழமை பாக்கறேன்’ என்று சிரித்தார். இரண்டு ஞாயிறு போய்விட்டது. காரணத்தைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே கதவோடு பெயர்த்திருப்பார், எனக்குத்தான் வாய் வரவில்லை. உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை மென்று முழுங்கிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே பிடிபடுகிறது. என் காப்புரிமைகள் ஒன்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை என்று எல்லாரும் கேலி செய்வார்கள். ரொட்டிக் கடையில் மாவைச் சம எடையாக வெட்டிப் போடுகிற உருளை, ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கக் கம்பியைச் சத்தமில்லாமல் இறக்குகிற கொக்கி, ஆடுகிற மேசைக் காலுக்கு ஒரு திருகு, தண்ணீர்க் குழாயில் வருகிற மண்ணைத் தனியாகப் பிடிக்கிற கிண்ணம், துணி பிழிகிற சட்டம் என்று கண்டதையும் செய்தவன் நான். ‘கண்ணுல பட்டதை எல்லாம் கழட்டிப் பாக்கற மனுஷன், நல்லவேளை நான் ஸ்க்ரூ இல்லாமப் பொறந்தேன்’ என்பாள் உன் அம்மா. அந்த ஒன்பதில் நான்காவதாக வந்ததுதான் அச்சகத்துக் காகிதம் வெட்டும் மெஷினுக்குச் செய்தது. ஒரு கை காகிதக் கட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கை கத்தியை இறக்கிவிடும், அப்படி இரண்டு பேருக்கு விரல் போனதை நானே நேரில் பார்த்தேன். மெஷினின் இரண்டு ஓரத்திலும் இரண்டு பிடி வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் கத்தி இறங்கும் என்று செய்தேன். அதற்குப் பிறகு அந்த அச்சகத்தில் யாருக்கும் ஒரு நகம்கூடப் போகவில்லை. முதலாளி என்னை விரல் டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார், அதெல்லாம் எதற்கு என்று சொல்லிக்கொண்டே உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். இரண்டு கையும் வேலையில் இருந்தால் ஆபத்தே வராது என்பது மண்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அந்த நினைப்பில்தான் ஒன்பதாவதாக இந்தத் தாழ்ப்பாளைச் செய்தேன். குழந்தைகள் பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு போய் விழக்கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். மேலே ஒரு குமிழ், அதிலிருந்து பதினெட்டு அங்குலம் கீழே ஒரு பிடி. குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டே பிடியைத் தூக்க வேண்டும். ஒரே கை இரண்டையும் எட்டிவிடக் கூடாது என்று அளந்து அளந்து வைத்த பதினெட்டு அங்குலம் அது.

மருந்துக்கடைக்காரரை உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் இருமல் வந்தால் கசப்பு மருந்தோடு ஒரு மிட்டாயும் கொடுத்து அனுப்புவாரே, அவர்தான். கடைக்கு மேல்மாடியில்தான் குடும்பம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் கடையின் பின்னறையில் அட்டைப் பெட்டிகள் தீப்பிடித்துக்கொண்டன, பக்கத்தில் ஸ்பிரிட் கேன்கள் இருந்தன. அவர் சரக்கு எடுக்கப் போயிருந்தார், மகன் வேலைக்குப் போயிருந்தான், மேலே மருமகளும் ஐந்து மாதக் கைக்குழந்தையும் மட்டும் இருந்தார்கள். உள்படி வழியாகப் புகை ஏறிவிட்டது. அந்தப் பெண் செய்ய வேண்டியதைச் சரியாகத்தான் செய்திருக்கிறாள். குழந்தையை ஈரத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்பக்கப் பால்கனிக் கதவுக்கு வந்துவிட்டாள், பால்கனியிலிருந்து இரும்புப் படி நேராகத் தரைக்கு இறங்குகிறது. பக்கத்துக் கடைத் தையல்காரர் சத்தம் கேட்டு அந்தப் படியில் ஓடி ஏறிக் கதவுக்கு வெளியே நின்று தட்டியிருக்கிறார். கனத்த மரக் கதவு. அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ‘உள்ளே பிடி தூக்கற சத்தம் கேட்டுச்சு சார். அப்புறம் மேலே குமிழ் அமுங்கற சத்தம். மறுபடி பிடி, மறுபடி குமிழ். மாத்தி மாத்திக் கேட்டுச்சு. ரெண்டும் சேர்ந்து மட்டும் கேக்கவே இல்ல.’ தீயணைக்கிறவர்கள் வந்து கதவை உடைத்தபோது அவள் போய்விட்டாள். குழந்தை அவள் நெஞ்சுக்கு அடியில், கதவு இடுக்கில் வந்த காற்றில் பிழைத்துக் கிடந்தது. அந்தத் தாழ்ப்பாளை என் கையால் நான்தான் மாட்டினேன். குழந்தை தவழ ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே மாட்டிவிடலாம் என்று மருந்துக்கடைக்காரர் ஆசையாகக் கேட்டார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி நம் வீட்டுக்கும் வந்தார், நல்ல மனிதர், வரைபடம் முழுவதையும் பொறுமையாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, ‘பாவம், பதட்டத்துல தோணல. குழந்தையை இறக்கி வெச்சிருந்தா ரெண்டு செகண்ட்ல திறந்திருக்கலாம்’ என்றார். உன் அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள், ‘புகைக்குள்ள எந்தப் பொம்பளை புள்ளையைத் தரையில வெப்பா?’ என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அவர் சொன்னது என்னுடைய வாக்கியம். நான் உன் வீட்டில் மாட்டி முடித்த அன்றைக்கு உனக்கு எட்டாம் மாதம். நான் எதைச் செய்து முடித்தாலும் சோதித்துப் பார்க்கிற இன்ஸ்பெக்டர் நீ, அன்றைக்கும் வழக்கம்போல இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தாய். சோபாவிலிருந்த தலையணையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘அப்பா, கையில பாப்பா இருந்தா இதை எப்படித் திறக்கறது?’ என்று கேட்டாய். நான் சிரித்துக்கொண்டே, ‘பாப்பாவை இறக்கி வெச்சிட்டுத் திற, ரெண்டு செகண்ட் வேலை’ என்றேன். மாப்பிள்ளையும் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. தலையணையைத் தரையில் வைத்தாய், இரண்டு கையாலும் திறந்து பார்த்தாய், ‘சரிப்பா’ என்றாய். இப்போது கண்ணை மூடினால் அந்தத் தலையணைதான் தெரிகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்கப் போவதில்லை. உன் கேள்வியை நான் மறந்துவிடவில்லை, மறந்திருந்தால்கூடத் தேவலை. ஊருக்குத் திரும்பியதும் உட்கார்ந்து ஒரு கையால் திறக்கிற மாதிரி வரைந்து பார்த்தேன். வந்தது. குமிழைப் பிடிக்குள்ளேயே வைத்துவிட்டால் போதும், பெரியவர்களின் உள்ளங்கை அழுத்தத்துக்குத் திறக்கும், குழந்தையின் கைக்குத் திறக்காது. ஆனால் பழையதற்கு அப்போதுதான் சான்றிதழ் வந்து சுவரில் மாட்டியிருந்தேன். மறுபடி விண்ணப்பம், மறுபடி அலைச்சல், அதைவிட, நான் தப்பாகச் செய்துவிட்டேன் என்று நானே போய்ச் சொல்ல வேண்டும். படத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். அதற்கு நான்கு மாதம் கழித்துத்தான் மருந்துக்கடைக்காரர் வீட்டுக் கதவில் பழையதை மாட்டினேன், உளியால் மரத்தைச் செதுக்கும்போது உன் கேள்வி ஒரு தரம் வந்து போனது. அந்தப் பெண் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு கையில் தம்ளர், ஒரு கையில் குழந்தை. அதைப் பார்த்துக்கொண்டேதான் திருகை முடுக்கினேன்.

தாழ்ப்பாள் செய்து விற்கிற கம்பெனிக்குப் போய் விற்பனையை நிறுத்தச் சொன்னேன். மேனேஜர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ‘தாழ்ப்பாள் மேல குத்தம் ஒண்ணும் இல்ல சார், அது அதோட வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு. நீங்களா வாயைக் குடுத்து மாட்டிக்காதீங்க’ என்றார். அதற்குமேல் அவரிடம் பேச என்ன இருக்கிறது. வீடு வீடாகப் போய் நானே கழற்றிக்கொண்டிருக்கிறேன். நம் தெருவிலும் அடுத்த தெருவிலுமாகப் பதினோரு கதவு ஆயிற்று, இரண்டு வீடு பூட்டியிருக்கிறது, ஒரு வீட்டில் நல்லா இருக்கிற சாமானை எதற்குக் கழற்ற வேண்டும் என்று என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கே நாளைக்கு மறுபடி போவேன். மருந்துக்கடைக்காரர் இப்போது தங்கை வீட்டில் இருக்கிறார், போன வாரம் அங்கேயும் போனேன். கதவைத் தட்டியதும் அவரே வந்து திறந்தார். தோளில் பேரக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, சாதாரணத் தாழ்ப்பாள், ஒற்றை விரலால் இழுத்துத் திறந்தார். என்னைத் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். ‘வாங்க சார், உள்ள வந்து உக்காருங்க’ என்றார். உன் கேள்வியைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன், குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுக்கிற அந்தக் கையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை.

வருகிற புதன்கிழமை விசாரணை, அவரும் அவர் மகனும் வருவார்கள். இழுப்பறையிலிருந்த படத்தைத் தேதியோடு எடுத்துக்கொண்டு போய் அவர்கள் முன்னாலேயே கொடுக்கப் போகிறேன். முன்கூட்டியே ஒருத்தி கேட்டாள், பதில் தெரிந்தும் நான் சும்மா இருந்தேன் என்று சொல்லப் போகிறேன். கேட்டது என் மகள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உன் கேள்வி அங்கே பதிவாகும், அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, பிறகு, ‘உங்களைக் கேக்காத கேள்விக்கு நீங்களா போய்த் தலையைக் குடுக்கணுமா?’ என்று அழுதாள். நேற்று காலையில் அவளே என் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். சுவரில் இப்போது எட்டுச் சட்டம்தான் இருக்கிறது, ஒன்பதாவது இருந்த இடம் சதுரமாக வெளுத்துத் தெரிகிறது, அவளுடைய புதுக் கண்ணுக்கு அது உறுத்துகிறதாம், ஆனாலும் அங்கே வேறு எதையும் மாட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. அதைப் பற்றி நீ கவலைப்படாதே, கம்பெனி இனிமேல் சும்மா இருக்க முடியாது, அது போதும்.

இனிக் கவனமாகப் படி. மேல் குமிழின் மூடியை இடப்பக்கமாகத் திருகினால் கையோடு வந்துவிடும். உள்ளே மூன்று பள்ளம் தெரியும், சாவியின் மூன்று பல்லும் அதில் சரியாக உட்காரும். அழுத்திக்கொண்டு இடப்பக்கமாகவே ஐந்து சுற்று. கீழே பிடிக்கும் இதே மாதிரிதான். யாரும் கழற்றிவிடக் கூடாது என்று திருகுகளை ஒளித்து வைத்த கெட்டிக்காரன் நான், மாப்பிள்ளை காணோம் என்று சிரித்ததில் ஒரு தப்பும் இல்லை. கழற்றிய இரும்பைக் குப்பையில் போடு, நினைவுக்கு என்று எதையும் எடுத்து வைக்காதே. பார்சலின் அடியில் ஒரு சாதாரணத் தாழ்ப்பாள் இருக்கிறது, கடையில் வாங்கியது, நான் செய்ததில்லை. பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவின் முன்னால் நில், உன் இன்னொரு முழங்கை எந்த உயரத்தில் வருகிறதோ அங்கே பென்சிலால் குறித்து மாட்டச் சொல். அவள் எட்டிப் பிடிக்கிற வயது வரும்போது கூடவே நின்று பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மெஷின் எதுவும் வேண்டாம்.

மாட்டி முடித்ததும் எனக்கு ஃபோன் பண்ணு. ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொள். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி எதுவும் பேச வேண்டாம், பேசினால் தாங்க மாட்டேன். தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திற, அந்தச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்க வேண்டும். நீயும் உன் மகளும் நூறு வயது வரைக்கும், நினைத்த நேரத்தில் எந்தக் கதவையும் திறந்துகொண்டு வெளியே போய் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும், அப்பா அம்மாவின் ஆசி அதுதான். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. பேத்திக்கு முத்தம், முளைக்கிற பல்லால் அவள் கடித்துவிடாமல் பார்த்துக் கொடு.

ஃபோன் பண்ணித் திறக்கும்போது, மறந்துவிடாதே, குழந்தையை இறக்கி வைக்காதே.

உன் அப்பா