பாட்டுக்கு ஒரு வேகம், அம்மாவுக்கு ஒரு வேகம்

நவ. 4, செவ்வாய்

பகலெல்லாம் வெயில், நாலு மணிக்கு மழை. துணி திரும்பவும் நனைந்தது.

பேச்சுப் பயிற்சி மிஸ் கிளினிக்கில் சொன்னது: பாரிசவாதத்தில் பேச்சு போனவர்களுக்கும் சில வேளை பாட்டு வருமாம். பழைய பாட்டாகப் போடச் சொன்னார். ஃபோனில் போட்டால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதனால் அலுமாரி மேல் கிடந்த சின்ன கசட் பிளேயரை இறக்கினேன். சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அம்மா அனுப்பியது. திறந்தால் பெல்ட் உருகித் தார் மாதிரி. ஸ்பிரிட், காதுக் குச்சி. விரலெல்லாம் கறுப்பு. அந்தக் கையோடேயே ரொட்டிக்கு மா பிசையப் போய், திரும்பக் கழுவல்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஆளு பொழச்சிருமா டொக்டர்?"

நவ. 5, போயா (பௌர்ணமி) லீவு

வானம் மூடல். மழை எப்போது என்று தெரியவில்லை.

பிஸ்கட் டின்னில் கசட் நாலு. ஒன்றில் பூஞ்சணம். ஒன்றின் விளிம்பில் இரண்டு ஓட்டையும் செலோடேப் ஒட்டி அடைத்திருக்கிறது. அம்மா பேசி அனுப்பியது. அப்போது அங்கே போனவர்கள் செய்வது அதுதான். பாட்டுக் கசட் வாங்கி, திரும்பப் பதிய முடிகிற மாதிரி ஓட்டையை அடைத்து, பாட்டின் மேலேயே பேசி, லீவில் ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மாவின் குரல் எப்படி இருக்கும்? பேச்சு நின்று இரண்டு வருஷம்தான். சொன்னதெல்லாம் ஞாபகம், சத்தம் மட்டும் இல்லை. ஃபோன் வீடியோக்களில் தேடினேன். எல்லாவற்றிலும் கையால் முகத்தை மறைக்கிறார். ஒன்றில் மட்டும், "எடுக்காத." அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

நவ. 8, சனி

டவுனில் பெல்ட் கிடைத்தது. வரும்போது பஸ்ஸில் குடையை விட்டுவிட்டேன்.

ஓடுகிறது. ஆனால் செலோடேப் கசட்டைப் போட்டால் பாட்டு இழுக்கிறது. மோட்டருக்குப் பின்னால் ஓட்டை, உள்ளே வேகத்துக்கான குட்டி ஸ்குரூ. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பாட்டு சரி. இவரும் கூடப் பாடினார், வரி எல்லாம் பிழை. பிறகு பாட்டு அறுந்து ஒரு குரல், "பாப்பா." வீட்டில் என் பேர் அதுதான். குரல் அம்மாவுடையது இல்லை. கீச்சு. சின்னப் பிள்ளை.

கலேவெலயில் இருக்கும் தங்கச்சி வசந்திக்கு ஃபோனில் கேட்கக் கொடுத்தேன்.

"அது அம்மா இல்லக்கா. யாரோ புள்ள பேசுது. கசட் மாறிருச்சா?"

மாறவில்லை. டேப்பில் தொடர்ந்து, "தங்கச்சிக்குப் பேன் பாரு, கிணத்துப் பக்கம் விடாத." அம்மா இல்லாமல் யார்?

குளிக்கும்போது புரிந்தது. பேசிய அன்று அங்கே பெட்டரி இறங்கியிருக்கும். மெதுவாகச் சுற்றிய டேப்பில் பேசியிருக்கிறார், இங்கே சரியான வேகத்தில் ஓடும்போது கீச்சுக் குரல். பாட்டோ கம்பனியில் சரியான வேகத்தில் பதிந்தது. ஆக, ஸ்குரூவைப் பாட்டுக்கு வைத்தால் அம்மா சின்னப் பிள்ளை. அம்மாவுக்கு வைத்தால் பாட்டு தூங்கி வழிகிறது. சரி, அம்மாவுக்கு என்றால் எந்த இடம்? "எடுக்காத" வீடியோவோடு ஒப்பிட்டேன். அது அறுபது தாண்டிய குரல், இது முப்பது சொச்சம். கேட்கக் கேட்க எல்லாமே அம்மா மாதிரி, எதுவுமே அம்மா இல்லாத மாதிரி. விட்டுவிட்டேன்.

நவ. 9, ஞாயிறு

நல்ல வெயில். பருப்பு முடிந்தது. குடை வாங்க வேண்டும்.

தேத்தண்ணி கொடுத்துவிட்டு அம்மா பக்கத்தில் பிளேயரை வைத்தேன். முதலில் மெதுவாக, குரலுக்கு. அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் குரல் என்று தெரிந்ததா, தெரிந்தும் வேண்டாமா?

மிஸ் சொன்னதற்காகப் பாட்டு வேகத்துக்குத் திருப்பினேன். உதடு அசைந்தது. சத்தம் இல்லை, ஆனால் வரிக்குச் சரியாக. இவரைக் கை காட்டிக் கூப்பிட்டேன். அதற்குள் பாட்டு அறுந்து அந்தக் கீச்சுக் குரல், "பாப்பா, சாப்புட்டியா?"

நிறுத்தப் போனேன். அம்மா நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முகம் ஒரு பக்கமாகச் சிரித்தது.

"யாரும்மா இது?"

"பாப்பா."

தெளிவாக. இவருக்கும் கேட்டது.

டேப் சொன்னதைத் திரும்பச் சொன்னாரா? என்னைக் கூப்பிட்டாரா? இல்லை, அந்தக் குரல்தான் நான் என்று நினைக்கிறாரா, அவர் விட்டுப்போன ஒன்பது வயதுப் பாப்பா?

"நான் இங்கதான இருக்கேம்மா" என்றேன்.

என் பக்கம் திரும்பவில்லை. விரலை உதட்டில் வைத்தார். அந்தப் பிள்ளை பேசி முடிக்கட்டுமாம்.