இடக்கை மோதிரம்

மார்ச் 4, செவ்வாய்

மழை. பெர்கனில் இதை எழுதவே வேண்டியதில்லை.

அருங்காட்சியகத்துக்கு ஒரு பென்சில் ஓவியம் வந்திருக்கிறது. 1780 வாக்கில் வரைந்தது. பெயர் தெரியாத பெண். விளக்கக்குறிப்பு எழுதுவது என் வேலை. முதலில் கண்ணில் பட்டது மோதிரம். இடக்கையில். எங்கள் ஊரில் கணவன் இருக்கும்வரை வலக்கை, போனபின் இடக்கை. உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஏதோ.

எய்விண்ட் போய் ஐம்பத்திரண்டு நாள். என் மோதிரம் வலக்கையில்தான் இருக்கிறது.

மார்ச் 6

தங்கை தூரிட் தொலைபேசியில்: "விதவைன்னு சொன்னா நாக்கு வெந்துடாதுக்கா. மோதிரத்தையாவது மாத்து."

மார்ச் 11

குறிப்பு முடிந்தது. 'விதவை. வயது நாற்பதுக்கு மேல். துயரம் தணிந்த முகம்.'

தணிந்தது என்று எப்படித் தெரியும்? அந்தச் சிரிப்புதான். கணவனைப் புதைத்த ஒருத்தியால் இப்படி உட்கார்ந்து சிரிக்க முடிந்திருக்கிறது.

மார்ச் 12

சோப்புப் போட்டுத்தான் கழன்றது. இடக்கையில் கொஞ்சம் தொளதொளப்பு.

மார்ச் 17

பழைய தாள்களைச் செப்பனிடும் அஸ்லாக் கூப்பிட்டான். "ஓசே, உன் தோழி கண்ணாடிக்குள்ள இருக்கா." கேலி செய்கிறான் என்று நினைத்தேன். பூதக்கண்ணாடியைக் கொடுத்தான். மூலையில் மங்கலாக எழுத்துகள், இடவலம் மாறி.

"இது அசல் இல்ல. அசல் மேல ஈரத்தாள வெச்சு அழுத்தி எடுத்த நகல். எல்லாமே திரும்பிடுச்சு."

"அப்ப மோதிரம்?"

"வலக்கை."

"புருஷன் இருந்தானா?"

"அதையும் எழுதித் தொலைக்காதே. அந்தக் காலத்துல எந்தக் கையில போட்டாங்கன்னு யாரு கண்டா? நம்ம வழக்கத்த நாமளே அவ விரல்ல மாட்டிவிடறோம்."

பிறகுதான் என் கையைப் பார்த்தான். காப்பி வேணுமா என்றான். மூன்று தடவை கேட்டான்.

வரைஞ்சவனே புருஷனோ என்னவோ— அவனப் பாத்துத்தான் சிரிச்சாளோ? எவளையோ நம்பி நான் ஏன் கழட்டினேன்? எய்விண்ட், நீ இருந்தா விடுவியா?

திரும்ப வலக்கையில் போடப் பார்த்தேன். விரல் மூட்டைத் தாண்டவில்லை.

மார்ச் 18

'விதவை'யை அடித்தேன். வயதையும், முகத்தைப் பற்றிய வரியையும். மிச்சம்: 'பெண். பென்சில், தாள். இடவலம் மாறிய நகல்.'

மார்ச் 21

பல் மருத்துவரிடமிருந்து அழைப்பு. எய்விண்ட் ஏன் வரவில்லை, வேறு நாள் தரட்டுமா என்று ஒரு பெண் கேட்டாள்.

"அவர் ஜனவரியில இறந்துட்டார்."

"நீங்க யாரு பேசறது?"

"அவரோட விதவை."

தட்டச்சு ஓசை கேட்டது. "பேர எடுத்துடட்டுமாம்மா?"

எடுத்துவிடச் சொன்னேன்.